மூன்றாம் மாடிப் பொறுப்பாளர்

டிக் அழியவில்லை.

அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விரல் நுனி வெளுக்கும் வரை மவுஸை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடக் கணினி அறையின் கடைசி மெஷின், ஆஸ்துமாக்காரரைப் போல இரைந்துகொண்டு, அதே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது.

'உங்கள் பயிற்சி நிறைவடைந்தது. பதில்களை இனி மாற்ற இயலாது.'

அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் பச்சையாக ஒரு டிக். அதைப் போட்டது அவள்தான். எடுக்கத்தான் முடியவில்லை.

"ஏம்மா, பெல் அடிச்சாச்சு. பூட்டணும்" என்று வாசலில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார் கணினி அறைக்காரர்.

"ரெண்டே நிமிஷம் சார். ப்ராஜெக்ட்."

"ப்ராஜெக்டுக்கா கண்ணுல தண்ணி?"

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு பக்கத்தை மூடினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று அடித்து நாலு நிமிஷம்.

இருபது நிமிஷத்துக்கு முன்னால் பள்ளி அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். போனில் சித்தி. "உங்கம்மா வேலை பார்க்கிற கட்டடத்துல புகை. சித்தப்பா மேல மாட்டிக்கிட்டாரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. கால் உடஞ்சிருக்கு, நெஞ்சு முழுக்கப் புகை. வீடு பூட்டியிருக்கு, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு." அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "அந்த மூணாவது மாடிக்கு உங்கம்மாதான் பொறுப்பாளராமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்ல?"

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அவள் முதலில் கணினி அறைக்கு ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

போன பகுதியில், சான்றிதழ்கள் வந்த அன்று இந்த வீடு இருந்த இருப்பு உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறீர்கள் என்றால் உங்களுக்காகச் சில வரிகள்.

வீட்டில் எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பதினாறு. படிப்பது பதினொன்றாம் வகுப்பு. யாருக்கு என்ன மனு எழுத வேண்டும் என்றாலும், எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். கீழ் வீட்டில் அவளும் அம்மாவும். லாரி ஓட்டும் அப்பா மாதத்தில் பாதி நாள் போனில் மட்டும் இருப்பார். மேல் வீட்டில் சித்தப்பாவும் சித்தியும். அம்மா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். சித்தப்பா அதே பல்கலைக்கழகத்தில் குளிர்சாதன மெக்கானிக்.

போன மாதம் ஓர் உத்தரவு வந்தது. பேராசிரியர் முதல் பெருக்குகிறவர் வரை எல்லோரும் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சியைக் கணினியில் முடித்தாக வேண்டும். முடிக்காதவர்களுக்கு ஒன்றாம் தேதி முதல் வாசல் கேட் திறக்காது.

"பதினோரு வருஷமா ஆசிட்டோட குடும்பம் நடத்தறேன். எந்தப் பாட்டிலை எங்க வைக்கணும்னு எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சொல்லுமா? நீயே தட்டிவிட்டுடு வக்கீலு" என்றாள் அம்மா.

"அண்ணியோடத முடிச்சா, கையோட என்னோடதையும் முடிச்சிடு" என்றார் சித்தப்பா.

ஒரு சனிக்கிழமை மதியம். பன்னிரண்டு பாடம், இருபது கேள்வி. இரண்டு பேருக்கும் அவளே எழுதினாள். அம்மாவுக்கு இருபதுக்கு இருபது. சித்தப்பாவுக்குப் பத்தொன்பது. அம்மா அந்தச் சான்றிதழை ஆய்வுக்கூடத்துத் தொட்டிக்கு மேலே ஒட்டி வைத்தாள். "ஸ்கூல்ல கூட நான் இவ்வளவு வாங்கினதில்ல" என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பயிற்சியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

'உங்கள் மாடிக்கு அவசரகாலப் பொறுப்பாளராக இருக்கச் சம்மதமா? பொறுப்பாளர்களின் பெயர் தரைத்தளப் பலகையில் இடம்பெறும்.'

வேண்டாம் என்றும் அழுத்தியிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அம்மாவின் பெயர் எங்கேயும் இருந்ததில்லை. கதவில் இல்லை, மேஜையில் இல்லை, கோட்டுப் பையில் கூட 'உதவியாளர்' என்று மட்டும்தான் தைத்திருக்கும். ஒரு பலகையில் அம்மா பெயர் வரட்டுமே என்று டிக் போட்டாள். அம்மா ஒருநாள் தானாகப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அந்தப் பலகை தீயணைப்பு உருளைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதை யாரும் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் சித்தி. நடுவில் நாலு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

அம்மா இன்னும் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. கோட்டிலிருந்து கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தது.

"வந்துட்டாளா? வா" என்றாள் சித்தி. "உங்கம்மா எத்தனை பேரை வெளிய கூட்டிட்டு வந்தாங்கன்னு கேளு. ஆறு பேராம். எண்ணி எண்ணிக் கூட்டிட்டு வந்தாங்களாம். கொழுந்தனார் மட்டும் அந்த எண்ணிக்கையில வரல."

"அவர் மேல இருந்ததே எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அம்மா. இதை அவள் பத்தாவது தடவையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிச் சொல்லிக் குரல் வறண்டிருந்தது.

"தெரிஞ்சுக்கறதுதான்க்கா பொறுப்பாளர் வேலை! அந்த விசில் மாட்டின சேஃப்டி ஆபீசரே சொன்னாரு. அலாரம் அடிச்சா பச்சைச் சட்டை மாட்டிக்கணும், ஒவ்வொரு ரூமாத் தட்டிப் பாக்கணும், எல்லாரும் போனப்புறம்தான் கடைசியா இறங்கணும். நீங்க முதல் ஆளா இறங்கிட்டீங்க."

"என்னை யாரு பொறுப்பாளர் ஆக்கினது? சட்டையைக் கூட நான் கண்ணால பாக்கல."

"மெயில் போட்டாங்களாம்."

"மெயிலா? எனக்கா?"

வக்கீல் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

நடந்தது இதுதான். காலையில் இரண்டாம் மாடியில் யாரோ உலர்த்தும் அடுப்புக்குள் பிளாஸ்டிக் தட்டை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். பதினொன்று இருபதுக்கு அலாரம். எல்லோரும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி, கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் சித்தப்பா விசில் என்று பெயர் வைத்தவர், கையில் பட்டியலோடு ஒவ்வொரு மாடியாகக் கூப்பிட்டார். ஒன்றாம் மாடி, ஆள் இல்லை என்றார்கள். இரண்டாம் மாடியும் காலி.

"மூணாவது மாடிப் பொறுப்பாளர்!"

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மூணாவது மாடி! யாரு?"

அம்மாவும் எட்டி எட்டிப் பார்த்தாளாம். பக்கத்தில் நின்ற மாணவியிடம், "யாருடி அது, இந்த நேரம் பாத்து ஆளையே காணோம்" என்று சலித்துக்கொண்டாளாம். அப்புறம்தான் அதிகாரி பட்டியலில் இருந்த பெயரை உரக்கப் படித்தார்.

அந்த இடத்தோடு அம்மாவின் கதை நின்றுவிட்டது. அதற்குமேல் அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வார்டுக்குள் சித்தப்பாவின் வலது கால் மாவுக்கட்டில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. வலது மணிக்கட்டிலும் கட்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஆனாலும் அவளைப் பார்த்ததும் கண் சிரித்தது.

"வா வக்கீலு. கேஸ் எடுக்க வந்தியா?"

"எப்படி சித்தப்பா ஆச்சு?"

"குளிர் ரூம்ல கம்ப்ரசர் கத்திக்கிட்டிருந்துச்சு. காதுல அந்தப் பெரிய மூடி போட்டு வேலை பாத்துட்டிருந்தேன். அலாரம் எங்க கேக்கறது? முடிச்சிட்டு வெளிய வந்தா வராந்தா முழுக்க வெள்ளையா இருக்கு. உள்ள இருந்து என் பின்னாலயே வந்த குளிர் ஆவி போலன்னு நெனச்சேன். ரெண்டு இழுப்பு இழுத்தப்புறம்தான் தெரிஞ்சுது, இது வேற சரக்குன்னு." இருமினார். "படிக்கட்டுல கால் மடங்கிடுச்சு. தீயணைப்புக்காரங்க வர்ற வரைக்கும் அங்கதான் கெடந்தேன். பதினெட்டு நிமிஷமாம். எண்ணிச் சொன்னாங்க."

அவள் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விசில் வந்திருந்தான்" என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "ஒரு போர்டு விவகாரம் சொல்றான். படிக்கட்டு ஓரமா ஒரு வெள்ளை போர்டு இருக்கு. தனியா வேலை பாக்குறவன் அதுல பேரையும் ரூமையும் எழுதிட்டுத்தான் உள்ள போகணுமாம். நானும் தினம் அதைத் தாண்டித்தான் போறேன். எவனோ அதுல ஒரு பூனை வரைஞ்சு வச்சிருந்தான். அழகா இருக்கேன்னு அதை அழிக்க மனசில்லாம நான் கிட்டயே போகல."

அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியும்.

"பரீட்சையில, குளிர் ரூமுக்குத் தனியாப் போறதுக்கு முன்ன என்ன செய்யணும்னு கேட்டிருந்தாங்களாம். எனக்கு ஒரு மார்க் போச்சே, அது அந்தக் கேள்விதானாம். நான் என்ன பதில் சொன்னேன் வக்கீலு?"

"கம்பளித் தொப்பி போட்டுக்கணும்னு..."

சித்தப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, நர்ஸ் ஓடி வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனாள்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானே எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான விடை அன்றைக்கே அவளுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் இருபதுக்கு இருபது வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று, ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துத் தப்பாகப் போட்டாள். பதினேழாவது கேள்வி. சித்தப்பா சொல்லக்கூடிய பதில் மாதிரியே ஒரு பதில் இருந்ததால் அதை எடுத்தாள். தப்பு என்று சிவப்பாகக் காட்டி, பலகையின் படத்தோடு சரியான விடை வந்தது. கீழே, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று ஒரு பொத்தான். அதையும் அவள்தான் அமுக்கினாள்.

"நான் தெரிஞ்சேதான் சித்தப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"இங்க பாரு." அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விளையாட்டெல்லாம் முகத்தை விட்டுப் போயிருந்தது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. போர்டுல எழுதாத என் தப்பா, ரூமைத் தட்டாத அண்ணி தப்பா, ரெண்டுல ஒண்ணுன்னு எழுதி முடிச்சிடுவாங்க. என் தப்புன்னா இந்தக் காலுக்கு லீவும் இல்ல, வைத்தியச் செலவும் தரமாட்டாங்க. அண்ணி தப்புன்னா அண்ணிக்கு வேலை போயிடும். எப்படிப் போனாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. பரீட்சை எழுதினது நீன்னு தெரிஞ்சா ரெண்டு வேலையும் சேர்ந்தே போயிடும். புரியுதா?"

"ம்."

"அண்ணி மேல தப்பில்லன்னு நான் சொல்லிடுவேன். உன் சித்திதான் கேக்கமாட்டா." கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணி பேரு அந்த லிஸ்ட்ல எப்படி ஏறுச்சுன்னுதான் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது."

அவள் மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சித்தி ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டு, துணிமணி எடுக்க அப்புறம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வக்கீலின் மண்டைக்குள் பன்னிரண்டு பாடமும் வரிசையாக ஓடின. அலாரம் கேட்டதும் குளிர் அறையைத்தான் முதலில் தட்ட வேண்டும்; உள்ளே சத்தம் கேட்காது. ஐந்தாம் பாடம். காது மூடி போடுகிறவர் தனியாக வேலை செய்யக் கூடாது. ஏழாம் பாடம். புகைக்குள் குனிந்து நடக்க வேண்டும், படிக்கட்டில் பக்கவாட்டுக் கம்பியை விடக் கூடாது. எட்டு. ஒவ்வொரு வரியும் அப்படியே இருந்தது. அந்த மாடியில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பதினொன்று இருபதுக்கு அந்த ஆள் விலங்கியல் வகுப்பில் உட்கார்ந்து மண்புழுவுக்கு வளையம் வரைந்துகொண்டிருந்தாள்.



தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குள் வந்தபோது அம்மா கோட்டை வாளியில் முக்கிக்கொண்டிருந்தாள். முக்கின கையோடு திரும்பினாள்.

"உக்காரு. பேப்பர் எடு."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நாளைக்குப் பத்து மணிக்கு நான் என்ன, வாயைப் பாத்துட்டு நிக்கவா? எழுது. மதிப்பிற்குரிய அய்யா. நான் பொறுப்பாளராக இருக்கச் சம்மதம் தரவே இல்லை. எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. என் பெயரை யாரோ வேண்டுமென்றே ஏத்தியிருக்கிறார்கள்."

பேனா முதல் வரியிலேயே நின்றது.

"யாரும்மா வேணும்னே ஏத்துவாங்க?"

"யாருக்குத் தெரியும்? பச்சைச் சட்டை போடறதுக்கு ஒருத்தருக்கும் இஷ்டமில்ல, கேக்க ஆளில்லாதவ தலையில கட்டிட்டாங்க." அம்மா ஈரக் கையை உதறினாள். "இப்பதான் விசில் போன் பண்ணாரு, நீ பால் வாங்கப் போனப்ப. அந்த டிக் என்னிக்குப் போட்டதுன்னு கம்ப்யூட்டர்ல நேரத்தோட இருக்காம். சனிக்கிழமை, நாலு அம்பத்திரெண்டு. எனக்கு உயிரே வந்துச்சு. அந்த சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் நான் லேப்ல குடுவை கழுவிட்டிருந்தேன். ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு. கேமராவுல கூட இருப்பேன். இதை விட என்ன சாட்சி வேணும்? எழுது."

"ம்மா, அதை எழுத வேண்டாம்."

"ஏன்?"

"அந்தப் பரீட்சையும் அன்னிக்குத்தானே முடிஞ்சுது. நீ லேப்ல இருந்தேன்னு சொன்னா, பரீட்சை எழுதினது யாருன்னு கேப்பாங்க."

அந்த விஷயத்தை அம்மா அந்தப் பக்கமிருந்து பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

வாளியில் கோட்டிலிருந்து ஒரு காற்றுக்குமிழி மேலே வந்து உடைந்தது.

"இன்னொண்ணும் சொன்னாரு" என்றாள் அம்மா. குரலில் இருந்த வேகம் குறைந்திருந்தது. "இன்னிக்கு மதியம் மூணு மணிக்கு யாரோ என் கணக்குக்குள்ள போயிருக்காங்களாம். என் பேரை ஏத்தின அதே ஆளு, அழிக்கறதுக்காகப் போயிருப்பான்னு நான் சொன்னேன். அவரும் ஆமாம்னாரு. எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து போனாங்கன்னு காலையில கண்டுபிடிச்சிடுவாங்களாம்."

வக்கீல் பேனாவின் மூடியைப் போட்டாள். எடுத்தாள். போட்டாள்.

அம்மா அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். எந்தக் குடுவையில் என்ன இருக்கிறது என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடுகிறவள் அவள்.

"மூணு மணிக்கு நீ எங்கடி இருந்த?"

வெளியே படியில் செருப்புச் சத்தம். கதவு தட்டப்படவில்லை, அந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. சித்தி உள்ளே வந்தாள். ஒரு கையில் துணிப் பை. மறு கையில் அம்மாவின் சாப்பாட்டு டப்பா.

"பெஞ்சுலயே விட்டுட்டு வந்துட்டீங்கக்கா. கழுவிட்டேன்" என்று மேஜையில் வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள். ஆனால் கழுவி வைத்தாள்.

"அவருக்கு எப்படி இருக்கும்மா?" என்றாள் அம்மா.

"தூங்கறாரு." சித்தி பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வக்கீலுக்கு முன்னால் விரித்தாள். "அவர் கையில கட்டு. எழுத முடியாது. அவருக்காக நீதான் எழுதணும். போர்டுல பேரை எழுதிட்டுத்தான் உள்ள போனாரு, யாரோ அழிச்சிட்டாங்கன்னு எழுது."

"சித்தப்பா அப்படிச் சொல்லலையே சித்தி."

"அவர் சொல்லமாட்டாரு. அண்ணிக்கு வேலை போயிடக் கூடாதுன்னு தன் மேலயே ஏத்துக்குவாரு. அப்புறம் அந்தக் காலை வச்சுக்கிட்டு நாங்க எங்க போறது?" குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் உரக்கப் பேசினாள். "எனக்கு உங்க மேல கோபம் இல்லக்கா. காலையிலேர்ந்து கத்திட்டேன், சரி. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்."

"என்ன தெரியணும்?"

"நீங்க சொன்னா உங்க பக்கம் சொல்லுவீங்க. நான் சொன்னா என் பக்கம். விசிலு சொன்னா ஆபீஸ் பக்கம்." சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பாடம் பூராவும் படிச்சவ இந்த வீட்டுல இவ ஒருத்திதான். ரெண்டு பேரோடதையும் இவதான் எழுதினா. இவ சொல்லட்டும். இவ என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்றில் 'மதிப்பிற்குரிய அய்யா' என்று அவளுடைய கையெழுத்து. மற்றது வெற்றுத் தாள். இரண்டும் நாளைக் காலை பத்து மணிக்கு ஒரே மேஜைக்குப் போய்ச் சேரப் போகின்றன, ஒரே கையெழுத்தில்.

அம்மா எழுந்து வந்தாள். மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் அவள் தோளில் வைத்தாள். ஈரக் கை. அழுத்துகிறாளா, தாங்குகிறாளா என்று அவளுக்குப் புரியவில்லை. பேசாதே என்கிறாளா, பேசு என்கிறாளா என்பதும் தெரியவில்லை.

சித்தி முன்னால் குனிந்தாள். அழுது வீங்கிய கண்ணில் இப்போது கோபமே இல்லை. அதுதான் வக்கீலை அதிகம் பயமுறுத்தியது.

"சொல்லு கண்ணு. உனக்குத்தானே எல்லாம் தெரியும். தப்பு யாரோடது?"